ஆக்சலாட்டல் தொட்டியில் தவிக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆக்சலாட்டல் வளர்ப்பவர்கள் எழுப்பும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே வட்டத்துக்குள் சுற்றி வருகின்றன: செவுள் வளைந்திருக்கிறது, சாப்பிட மறுக்கிறது, மேலேயே மிதக்கிறது, என்ன மருந்து கொடுப்பது? திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். காரணம் பெரும்பாலும் தண்ணீரிலேயே இருப்பதால், மருந்தைப் பற்றிய பேச்சு பின்பகுதியில்தான் வரும்.

எங்கள் ஆக்சலாட்டல் நாள் முழுக்க அசையாமல் கிடக்கிறது. இது ஸ்ட்ரெஸ்ஸா, இல்லை இயல்பே இப்படித்தானா?

அசையாமல் கிடப்பது அதன் இயல்பு. ஆக்சலாட்டல் மீன் அன்று. வாழ்நாள் முழுவதும் செவுளோடு நீருக்குள்ளேயே தங்கிவிடும் சாலமாண்டர் (பல்லி போன்ற உருவமுள்ள இருவாழ்வி) வகை. இரையைத் துரத்தாமல், அது வாயருகே வரும்வரை காத்திருந்து, சட்டென்று வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். பகலில் மறைவிடத்தில் படுத்திருந்து, வெளிச்சம் குறைந்த பிறகு நடமாடுவதைக் கண்டு கவலைப்பட வேண்டியதில்லை.

அசைகிறதா என்பதைவிட, எந்த நிலையில் படுத்திருக்கிறது என்பதைப் பார்ப்பதே பயன் தரும். நிம்மதியாக இருக்கும் ஆக்சலாட்டலின் உடல் தரையில் தளர்ந்திருக்கும்; வால் நீண்டு கிடக்கும்; செவுள்கள் பக்கவாட்டிலோ பின்னோக்கியோ விரிந்திருக்கும்; அவ்வப்போது அவற்றை ஒருமுறை உதறிக்கொள்ளும். மண்புழுவை அருகில் கொண்டுபோனால் தலை திரும்பும். இத்தனையும் இருந்தால் அதை அதன் போக்கில் விட்டுவிடலாம்.

அப்படியானால் எந்த அறிகுறிகளை வைத்து அழுத்தத்தில் (ஸ்ட்ரெஸ்ஸில்) இருக்கிறது என்று சொல்வது?

செவுள் தண்டுகள் முகத்தை நோக்கி வளைந்து அப்படியே நிற்பது, வால் நுனி மடங்கியே இருப்பது, தொடர்ந்து பசியில்லாமல் இருப்பது, இலக்கின்றிப் பாய்ந்து கண்ணாடியில் மோதுவது, அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்குவது, தோலின் வழவழப்புப் படலம் பிரிந்து தண்ணீரில் இழுபடுவது, செவுள் இழைகள் உதிர்ந்து தண்டு மட்டும் மிஞ்சுவது ஆகியவை முக்கியமானவை. இவற்றில் ஒன்று மட்டும் சில நிமிடங்கள் தென்பட்டு மறைந்தால் அதற்குப் பொருள் இல்லை. உணவைக் கண்டு பரபரப்படையும்போதுகூட வால் நுனி சற்று நேரம் வளையும். இரண்டு மூன்று சேர்ந்து வந்து, மணிக்கணக்கில் நீடித்தால்தான் தேட வேண்டும்.

அறிகுறியின் பெயரைவிட அது வந்த வேகம் அதிகம் சொல்லும். நேற்றுவரை நன்றாக இருந்தது இன்று பதறுகிறது என்றால், குளோரின், திடீர் வெப்பநிலை மாற்றம், தண்ணீரில் கலந்த ஏதோ ஒரு நச்சு என்ற திசையில் யோசிக்க வேண்டும். வாரக்கணக்கில் மெல்ல மெல்லச் சோர்ந்து, செவுளும் மெலிந்துகொண்டே வந்தால், நாள்பட்ட வெப்பம், சேர்ந்துகொண்டிருக்கும் கழிவு, ஓயாத நீரோட்டம் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். ஒரே தொட்டியில் உள்ள எல்லாமே ஒரே நேரத்தில் மாறினால் காரணம் தண்ணீரில் இருக்கிறது; ஒன்று மட்டும் மாறினால் அந்த ஒன்றின் உடலையோ, அதைக் கடிக்கும் துணையையோ பார்க்க வேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது? ஒரே நேரத்தில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்கிறார்கள்.

வெப்பநிலையை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். (நீரின் அமில-காரத் தன்மையின் அளவு) ஆகிய நான்கையும் சோதித்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஐந்து எண்களும் கையில் இல்லாமல் யார் சொல்லும் யோசனையும் ஊகம்தான். அமோனியாவும் நைட்ரைட்டும் 0 ஆகவும், நைட்ரேட் 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு) அளவை ஒட்டியும், பி.எச். 7-க்கும் 8-க்கும் இடையிலும், வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரையிலும் இருப்பது நல்ல நிலை.

சோதனைக்குத் துளித்துளியாக விட்டு நிறம் பார்க்கும் திரவக் கிட் நம்பத்தக்கது. நனைத்துப் பார்க்கும் பட்டைகள் வசதியானவை என்றாலும் சிறிய அளவுகளைப் பிரித்துக் காட்டுவதில் தடுமாறுகின்றன. பலவற்றில் அமோனியாவுக்கான கட்டமே இருப்பதில்லை. வெப்பமானியைப் பொறுத்தவரை, கண்ணாடியின் வெளிப்புறம் ஒட்டும் பட்டை அறையின் சூட்டையும் சேர்த்தே காட்டும் என்பதால், தண்ணீருக்குள் மூழ்கும் வகையையே வாங்குங்கள்.

செவுள் முன்பக்கமாக வளைந்தே இருக்கிறது. எண்கள் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன.

எண்கள் உண்மையிலேயே சரியாக இருந்தால், நீரோட்டத்தை முதலில் சந்தேகியுங்கள். ஆக்சலாட்டல்கள் மெக்சிகோ நகரின் தென்பகுதியிலுள்ள சோச்சிமில்கோ ஏரியின் கால்வாய்களைச் சேர்ந்தவை. அங்கே தண்ணீர் ஏறத்தாழ நின்ற நிலையில்தான் இருக்கும். உடல் பக்கவாட்டில் இருக்கும் நீரசைவு உணர் உறுப்புகள் மிகச் சிறிய அதிர்வையும் வாங்கிக்கொள்வதால், நமக்கு மெதுவாகத் தெரியும் ஓட்டமும் அதற்கு இரவு பகல் ஓயாத தொல்லையாக இருக்கக்கூடும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரு துணுக்கு உலர்ந்த இலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, ஆக்சலாட்டல் வழக்கமாகப் படுக்கும் இடத்தருகே விட்டுப் பாருங்கள். அது நகர்ந்து ஓடினால் ஓட்டம் அதிகம். ஃபில்டரை ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து, செவுள் விரிகிறதா என்றும் கவனிக்கலாம். அதற்குமேல் நிறுத்தினால் ஃபில்டருக்குள் இருக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் இன்றி நலிவடையும். ஓட்டம்தான் காரணம் என்று தெரிந்தால், வெளியேறும் குழாயைச் சுவரை நோக்கித் திருப்புவது, துளைகள் கொண்ட நீள்குழாயைப் பொருத்தி வேகத்தைப் பரப்பிவிடுவது, அல்லது காற்றுப் பம்பில் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு மாறுவது ஆகியவை வழிகள். கடைசியாகச் சொன்னதே என் முதல் தேர்வு.

வெப்பநிலை 25-ல் இருக்கிறது, நன்றாகத்தானே சாப்பிடுகிறது? பல தலைமுறையாகத் தொட்டியில் வளர்ந்தவைக்குச் சூடு பழகியிருக்காதா?

பழகுவதில்லை. இன்று தொட்டிகளில் இருப்பவற்றில் பெரும்பகுதி 1864-இல் பாரிசுக்கு வந்துசேர்ந்த சிறு கூட்டத்தின் வழித்தோன்றல்கள்தான். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் மனிதர்களோடு இருந்தும் அவற்றின் உடல் குளிர்நீருக்குரியதாகவே இருக்கிறது. சோச்சிமில்கோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது என்பதை நினைவில் வைத்தால் இதில் வியப்பில்லை. 20 டிகிரிவரை தாங்கும். 22-ஐத் தாண்டும்போது அழுத்தம் தொடங்கும். 24-க்கு மேல் நீடித்தால் உயிருக்கே ஆபத்து.

சூடான நீரில் சாப்பிடுவதை நலத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது. சூடு ஏற ஏற உடலின் இயக்கம் வேகமாகிறது, ஆக்சிஜன் தேவை கூடுகிறது. அதே நேரத்தில் தண்ணீரில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறைகிறது. 15 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 10 மில்லிகிராம் ஆக்சிஜனை வைத்துக்கொள்ளும். 25 டிகிரியில் அது 8.3 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். தேவை கூடி வரவு குறையும் இந்த நெருக்கடியில்தான் பூஞ்சையும் பாக்டீரியாவும் இடம் பிடிக்கின்றன. சில வாரங்கள் நன்றாகத் தெரிந்துவிட்டு ஒரே நாளில் கவிழ்வது இதனால்தான்.

ஐஸ் கட்டி போடலாமா?

உறைந்த தண்ணீர்ப் புட்டியை மிதக்கவிடுவது அவசரத்துக்கு உதவும், அன்றாட ஏற்பாடாக உதவாது. புட்டி உருகும்வரை இறங்கி, உருகியபின் ஏறி, வெப்பநிலை நாளுக்கு இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடும். அந்த ஏற்ற இறக்கமே புதிய அழுத்தமாகிறது. குளோரின் நீக்காத நீரில் உறைந்த கட்டிகளை நேரடியாகப் போடுவது இன்னும் மோசம்.

நீர்ப்பரப்பின் மீது படும்படி சிறு மின்விசிறி ஒன்றை வைத்தால், ஆவியாதலால் சில டிகிரிகள் குறையும். காற்று ஈரமாக இருந்தால் பலன் குறைவு, ஆவியான அளவுக்குக் குளோரின் நீக்கிய நீரை ஊற்றிக்கொண்டும் இருக்க வேண்டும். அறையே 28, 30 டிகிரி இருக்கும் இடத்தில் விசிறி போதாது, சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) வேண்டும். அதற்கு வழியில்லாதவர்கள் இந்த உயிரினத்தை வாங்காமல் இருப்பதே நல்லது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

தண்ணீர் பளிங்குபோல் இருக்கிறது, நாற்றமும் இல்லை. அதில் எப்படி அமோனியா இருக்கும்?

அமோனியாவுக்கு நிறமில்லை, ஆக்சலாட்டலின் செவுளை அரிக்கும் அளவில் அது இருக்கும்போதுகூட நம் மூக்குக்குத் தெரியாது. கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட உணவிலிருந்தும், செவுள் வழியாகவும் அது தண்ணீரில் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆக்சலாட்டல் புரதம் மிகுந்த உணவைத் தின்னும் உயிர் என்பதால் உடலளவுக்கு மிஞ்சிய கழிவை வெளியேற்றும். ஃபில்டரில் குடியேறும் ஒருவகைப் பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் கொடியவை. மூன்றாவது ஓரளவு பொறுத்துக்கொள்ளத்தக்கது, வாராந்தர நீர் மாற்றத்தில் வெளியேற்றப்படுவது. இந்தச் சங்கிலி நிலைபெறுவதைத்தான் தொட்டி ‘சைக்கிள்’ ஆவது என்கிறோம்.

சைக்கிள் பற்றி இப்போதுதான் தெரிந்தது. ஆக்சலாட்டல் ஏற்கெனவே உள்ளே இருக்கிறதே?

அதை எடுத்து, உணவுத் தரத்திலான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் வையுங்கள். மூடியில் காற்றுத் துளைகள் இருக்கட்டும். மறைந்துகொள்ள உள்ளே ஒரு குழாய்த்துண்டும் இருக்கட்டும். குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையிலுள்ள நீரை நாள்தோறும் முழுவதுமாக மாற்ற வேண்டும்; கழிவு கண்ணில் பட்டால் அப்போதே உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். பார்க்கப் பரிதாபமாக இருந்தாலும், சைக்கிள் ஆகாத பெரிய தொட்டியைவிட இந்தச் சிறு டப்பாவே பாதுகாப்பானது.

தொட்டியில் உயிரினம் இல்லாத நிலையில் 2 பி.பி.எம். அளவுக்கு அமோனியா சேர்த்து பாக்டீரியாக்களை வளர்க்கலாம். பொதுவாக 4 முதல் 8 வாரங்கள் ஆகும். சேர்த்த 2 பி.பி.எம். அமோனியா 24 மணி நேரத்தில் 0 ஆகி, நைட்ரைட்டும் 0 ஆகி, நைட்ரேட் மட்டும் ஏறியிருந்தால் தொட்டி தயார். இந்தக் காலத்தில் தண்ணீரைச் சற்றுச் சூடாக வைத்தால் பாக்டீரியா விரைவாகப் பெருகும்; ஆக்சலாட்டலைத் திருப்பி விடுவதற்குமுன் பெருமளவு நீரை மாற்றிக் குளிர்வித்தால் போதும்.

அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட்டும் 0. எல்லாமே 0 என்றால் அருமைதானே?

செடிகள் அடர்ந்த தொட்டி அல்லாத பட்சத்தில், சந்தேகப்பட வேண்டிய விடை இது. சைக்கிள் நடந்துகொண்டிருந்தால் நைட்ரேட் சேர்ந்தே ஆக வேண்டும். நேற்றுதான் முழுத் தண்ணீரையும் மாற்றியிருந்தால் எல்லாம் 0 காட்டும். இரண்டு நாள் கழித்துச் சோதித்தால் உண்மை வெளிவரும்.

இன்னொரு காரணம் சோதனையிலேயே இருக்கிறது. பல திரவக் கிட்களில் நைட்ரேட்டுக்கான இரண்டாவது புட்டியின் பொருள் அடியில் இறுகிப்போகும். அதை அரை நிமிடமாவது மேசையில் தட்டித் தட்டிக் குலுக்காமல் துளி விட்டால் நைட்ரேட் இருந்தும் 0 என்றே காட்டும்.

தண்ணீர் மாற்றியதுமே பதறி அங்குமிங்கும் ஓடுகிறது. புதுத் தண்ணீர் நல்லதுதானே?

குழாய் நீரில் குளோரின் இருந்தால் அது செவுளையும் தோலையும் சுடும். ஆக்சலாட்டல் தோல் வழியாகவும் சுவாசிப்பது என்பதால் மீனைவிடப் பாதிப்பு அதிகம். ஒரு நாள் திறந்துவைத்தால் குளோரின் போய்விடும் என்பது உண்மைதான், ஆனால் பல இடங்களில் குளோரினோடு அமோனியாவைச் சேர்த்த குளோரமின் பயன்படுகிறது. அது ஒரு நாளில் போகாது. ஆகவே குளோரமினையும் நீக்கும் என்று எழுதப்பட்ட குளோரின் நீக்கியையே பயன்படுத்துங்கள். தோலுக்கு இதமென்று கற்றாழைச் சாறு கலந்து விற்கப்படும் வகைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

குளோரின் நீக்கிய பிறகும் பதற்றம் தொடர்ந்தால், ஊற்றும் நீரின் வெப்பநிலையைப் பாருங்கள். தொட்டி நீரோடு ஒரு டிகிரிக்கு மேல் வேறுபாடு வேண்டாம். வாளியில் ஒட்டியிருந்த சோப்பும் காரணமாகலாம். தொட்டிக்கென்று தனி வாளி வைத்துக்கொள்வது அதனால்தான்.

கண்ணாடியோரமாகவே மேலும் கீழும் ஓயாமல் நீந்துகிறது. வெளியே வர முயல்கிறதா?

புதிதாக வந்த ஆக்சலாட்டல் முதல் சில நாட்கள் இப்படிச் சுற்றிப் பார்ப்பது வழக்கம். பழகிய ஒன்று திடீரென்று தொடங்கினால் மேலே சொன்ன ஐந்து எண்களுக்குத் திரும்புங்கள். அவை சரியாக இருந்தால் வெளிச்சத்தைப் பாருங்கள். ஆக்சலாட்டலுக்குக் கண்ணிமை இல்லை. கண்ணை மூடிக்கொள்ள முடியாததால் ஒளியிலிருந்து தப்ப ஒளிந்துகொள்வது ஒன்றே வழி. ஒவ்வொன்றுக்கும் முழு உடலும் நுழையும்படியான மறைவிடம் ஒன்றுக்கு மேற்பட்டு இருக்க வேண்டும். தொட்டியின் பின்புறத்தையும் ஒரு பக்கத்தையும் கறுப்புத் தாளால் மறைப்பது செலவில்லாத நல்ல மருந்து. தன் பிம்பத்தைக் கண்டு மிரள்வதும் குறையும்.

தரையும் ஒரு காரணம்தான். வெறும் கண்ணாடித் தரையில் கால் வழுக்கிக்கொண்டே இருந்தால் சில ஆக்சலாட்டல்கள் தரையிறங்க விரும்புவதில்லை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த மென்மணலோ, வழுக்காத தட்டையான ஓடுகளோ போடலாம். மணல் 15 சென்டிமீட்டர் நீளத்தைத் தாண்டியவற்றுக்கு மட்டும். கூழாங்கல் கூடவே கூடாது. ஏன் என்பது அடுத்த கேள்விக்கான பதிலில் வருகிறது.

ஒரு வாரமாக எதையும் தின்னவில்லை. பயமாக இருக்கிறது.

நன்கு வளர்ந்த, உடல் தேறிய ஆக்சலாட்டல் ஒரு வாரம் தின்னாமல் இருப்பதால் மட்டும் ஆபத்து இல்லை. வளர்ந்தவற்றுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை உணவு போதும். வயிற்றின் அகலம் தலையின் அகலத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் போதிய ஊட்டம் இருக்கிறது என்று கொள்ளலாம். குட்டிகள் நாள்தோறும் தின்ன வேண்டியவை. அவை சில நாட்கள் மறுத்தாலே கவனம் தேவை. சில சமயம் உணவுதான் பிடிக்கவில்லை: பெல்லட்டை (உருண்டையாக விற்கப்படும் உலர் உணவை) வாயில் வாங்கித் துப்பிவிட்டு, துண்டாக்கிய மண்புழுவை விழுங்கும். பூச்சிக்கொல்லி படாத இடத்து மண்புழுவே இவற்றுக்கு முழுமையான உணவு.

கூழாங்கல் உள்ள தொட்டியில் பசி நின்றால் அடைப்பைச் சந்தேகியுங்கள். உறிஞ்சித் தின்னும் பழக்கத்தால் இரையோடு கல்லும் உள்ளே போய்விடும். வயிறு ஒருபுறம் புடைத்திருக்கிறதா, கழிவு வெளியேறி எத்தனை நாளாயிற்று என்று பாருங்கள். கற்களை அப்போதே அகற்றிவிட்டு, எக்ஸ்ரே எடுக்க வசதியுள்ள கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வயிற்றை அழுத்திப் பார்க்காதீர்கள்.

மேலே வந்து காற்றைக் குடிக்கிறது, சில நேரம் வால் தூக்கிக்கொண்டு மிதக்கிறது. இரண்டும் ஒன்றா?

வேறு வேறு. ஆக்சலாட்டலுக்குச் செவுளோடு எளிய நுரையீரலும் உண்டு. அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கி, குமிழி விட்டு இறங்குவது இயல்பு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஏறி இறங்கினால் தண்ணீரில் ஆக்சிஜன் போதவில்லை என்றோ, செவுள் பாதிக்கப்பட்டிருக்கிறது என்றோ பொருள். வெப்பநிலையும் அமோனியாவும் மீண்டும் பார்க்கப்பட வேண்டும்.

மிதப்பதில் ஒரே கேள்விதான்: விரும்பினால் கீழே போக முடிகிறதா? முடிந்தால், சும்மா மிதக்கிறது, விட்டுவிடுங்கள். கீழே போக முயன்றும் பின்பகுதி தூக்கிக்கொண்டே இருந்தால் குடலில் வாயுவோ மலச்சிக்கலோ இருக்கலாம். உணவை இரண்டு மூன்று நாள் நிறுத்தி, டப்பாவில் முதுகு மூழ்கும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நீர் வைத்து, நாள்தோறும் மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து 5 முதல் 8 டிகிரிக்கு இறக்கும் பழைய முறையை மருத்துவர் சொல்லாமல் செய்ய வேண்டாம். அந்தக் குளிரே உடலுக்குப் பெரும் அதிர்ச்சி.

தனியாக இருந்தால் ஏங்குமே என்று சில மீன்களைத் துணைக்கு விட்டேன்.

ஏங்காது, இது தனித்து வாழும் உயிர். மீன்களுக்கு அசையும் செவுள் இழைகள் புழுவாகத் தெரிவதால் கொத்திக்கொண்டே இருக்கும், வாய்க்குள் அடங்கும் மீனை ஆக்சலாட்டல் விழுங்கும். முள்ளுள்ள மீன் தொண்டையில் சிக்கினால் இரண்டும் போகும். மீன்களை எடுத்துவிடுங்கள்.

இன்னொரு ஆக்சலாட்டலைச் சேர்ப்பதானால் இரண்டும் ஒரே அளவாகவும், ஒரே பாலாகவும் இருக்க வேண்டும். குட்டிகள் ஒன்றின் காலை ஒன்று கடித்துத் துண்டாக்கும். கால் மறுபடி முளைக்கும் என்பது உண்மை, அதற்காகக் கடிபட விடுவது முறையாகாது. ஆணையும் பெண்ணையும் சேர்த்தே வைத்தால் பெண் ஒரே முறையில் நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு, தேறுவதற்குள் மறுபடியும் இட்டு நலிந்துபோகும். பின்கால்களுக்கிடையே வீக்கம் கண்டு நோயென்று பதறுபவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இரு பக்கமும் சமமாகப் புடைத்திருந்தால் அது வயதுக்கு வந்த ஆண், அவ்வளவுதான்.

செவுளில் வெள்ளைப் பஞ்சுபோல் ஏதோ ஒட்டியிருக்கிறது. உப்பு போடலாமா?

அது பெரும்பாலும் பூஞ்சை. காயமோ, சூடோ, அமோனியாவோ முன்பே பலவீனப்படுத்திய இடத்தில்தான் அது பிடிக்கிறது. எனவே தண்ணீரைத் திருத்தாமல் பஞ்சை மட்டும் நீக்கினால் திரும்ப வரும். டப்பாவுக்கு மாற்றி, குளிர்ந்த தூய நீரை நாள்தோறும் முழுமையாக மாற்றுவதால் மட்டுமே ஆரம்பநிலைப் பூஞ்சை உதிர்ந்துவிடுவதுண்டு. அப்படி உதிராவிட்டால், டப்பாவில் மட்டும், மெத்திலீன் புளூ என்ற சாய மருந்து உதவும். தொட்டியில் ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியாவைக் கெடுத்துவிடும்.

உப்புக் குளியல் பல காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது: ஒரு லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி அயோடின் சேர்க்காத உப்பு, 10 நிமிடத்துக்கு மிகாமல். பூஞ்சையைக் கொல்லும் அதே உப்பு செவுளையும் தோலின் வழவழப்பையும் எரிக்கும் என்பதால் நான் அதை முதல் மருந்தாகச் சொல்வதில்லை. தொட்டியிலேயே உப்பைக் கரைத்துவைப்பது எப்போதும் தவறு. மீன்களுக்கென விற்கப்படும் மருந்துகளில் செம்பும் மாலகைட் கிரீனும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இதற்கு நஞ்சு.

செவுள் குட்டையாகிக்கொண்டே வருகிறது. தரைவாழ் சாலமாண்டராக மாறுகிறதா?

அரிதாக நடக்கும் விஷயம் அது. உண்மையான உருமாற்றத்தில் செவுள் மட்டும் சுருங்காது. முதுகிலும் வாலிலும் ஓடும் துடுப்பு மறையும், கண்ணைச் சுற்றி இமை உருவாகும், தோல் தடிக்கும். துடுப்பு அப்படியே இருக்க, செவுள் இழைகள் மட்டும் குறைந்தால் அது தண்ணீரின் கோளாறு. உருமாற்றத்தைத் தூண்டுவதற்கென்று அயோடின் சேர்க்கும் சோதனைகளைச் செய்யாதீர்கள். பெரும்பாலும் உயிர்தான் போகும்.

மூன்று வருடம் பிரச்சினையே இல்லாத தொட்டி. நன்றாகச் சுத்தம் செய்து பாதிக்கு மேல் தண்ணீர் மாற்றிய மறுநாளே ஆக்சலாட்டல் கவிழ்ந்துவிட்டது. சுத்தம் செய்தது தப்பா?

இது குழப்பமானது, ஆனால் காரணம் உண்டு. அமோனியாவை நைட்ரேட்டாக்கும் வேலையில் அமிலம் உண்டாகிறது. தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மை (அதில் கரைந்திருக்கும் கார்பனேட் உப்புகளின் அளவு) அதை ஈடுகட்டி வரும். நீர் மாற்றம் குறைவாக இருக்கும் பழைய தொட்டியில் அந்தக் கையிருப்பு தீர்ந்து, பி.எச். 6-ஐ நோக்கி இறங்கும். அந்த அளவில் பாக்டீரியாவின் வேலை மந்தமாகி அமோனியா சேரத் தொடங்கும், ஆனால் அமிலநீரில் அது ஏறத்தாழ முழுவதும் அமோனியமாக, அதிகத் தீங்கில்லாத வடிவில் இருப்பதால் ஆக்சலாட்டல் சமாளித்துக்கொண்டே இருக்கும்.

இப்போது பி.எச். 8 உள்ள குழாய் நீரைப் பாதிக்குமேல் ஊற்றுகிறீர்கள். 20 டிகிரியில், பி.எச். 7-இல் மொத்த அமோனியாவில் ஏறத்தாழ 0.4 விழுக்காடுதான் நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8-இல் அது 4 விழுக்காட்டை நெருங்கும். பி.எச். ஒரு படி ஏறினால் நச்சு பத்து மடங்கு என்பதே இதன் கணக்கு. அதே நாளில் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவியிருந்தால் மிஞ்சிய பாக்டீரியாவும் போயிருக்கும். ஸ்பாஞ்சை எப்போதும் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிய வேண்டும். இப்படி நேர்ந்த உடனே செய்யத்தக்கது, ஆக்சலாட்டலை டப்பாவுக்கு மாற்றிவிட்டு, தொட்டியை நாளுக்கு 10 முதல் 15 விழுக்காடு நீர் மாற்றத்தில் மெல்ல மீட்பதுதான்.

எல்லா எண்களும் சரி, ஓட்டமும் இல்லை, துணையும் இல்லை. இன்னும் அழுத்தத்தில்தான் இருக்கிறது.

கிட்டுக்குத் தெரியாதவற்றைத் தேட வேண்டிய கட்டம் இது. அறையில் அடித்த கொசு மருந்து, வாசனைத் தெளிப்பான், புதுப் பெயின்ட் ஆகியவற்றைக் காற்றுப் பம்ப் உறிஞ்சித் தண்ணீருக்குள் கொண்டுபோகும். தொட்டி வைத்த மேசையிலேயே ஒலிபெருக்கி இருந்தால், அல்லது பம்ப் கண்ணாடியைத் தொட்டு அதிர்ந்தால், நீரசைவு உணர் உறுப்புகள் அதை இடைவிடாமல் வாங்கும். வெப்பமானியே பழுதாகி இருக்கலாம். இன்னொன்றால் ஒப்பிட்டுப் பாருங்கள், பிற்பகலிலும் ஒருமுறை அளந்து பாருங்கள், ஏனென்றால் காலையில் 18 காட்டும் தொட்டி பிற்பகலில் 23-ஐத் தொட்டிருக்கலாம். கையில் எடுத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

தோலில் சிவந்த திட்டுகள், உடல் முழுவதும் நீர்கோத்து வீங்குதல், கவிழ்ந்தால் நிமிர முடியாமை, வாந்தியெடுத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் தேடுவதை நிறுத்திவிட்டு, நீர்வாழ் உயிரினங்களைப் பார்த்த அனுபவமுள்ள மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எழுதிவைத்த எண்களையும், தொட்டி நீரில் ஒரு சிறு புட்டியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டேன். எவ்வளவு நாளில் பழையபடி ஆகும்?

நீரோட்டத்தால் வளைந்த செவுள் சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளில் விரியும். பசி, வெப்பநிலை இறங்கியபின் சில நாட்களில் திரும்பும். உதிர்ந்த செவுள் இழைகள் முளைக்க வாரக்கணக்கில் ஆகும்; குளிர்ந்த நீரில் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், அதற்காகச் சூட்டை ஏற்றிவிடாதீர்கள்.

இந்த இடைக்காலத்தில் ஃபில்டரையும் உணவையும் தரையையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போகும். ஒன்றை மாற்றி, மூன்று நான்கு நாள் பார்த்தபின் அடுத்ததற்குப் போங்கள். நாள்தோறும் பார்ப்பவர் கண்ணுக்குச் செவுளின் வளர்ச்சி தெரியாது என்பதால், வாரம் ஒருமுறை ஒரே கோணத்தில், பிளாஷ் போடாமல், மேலிருந்து ஒரு படம் எடுத்து வையுங்கள்.